பன்னிரண்டாவது இலை

சைகோனில் எனக்குக் கிடைத்த ஒரே சம்பள வேலை, பையன்களைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரும் வேலை. அந்த வேலையைக் கொடுத்த சங்கத்தின் விதிப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. பதினாறு வயதுக்குட்பட்டவன் திருடிவிட்டாலோ தெருவில் படுத்துக் கிடந்தாலோ, அவனைப் பெரியவர்களோடு ஒரே கொட்டடியில் அடைக்காமல் நீதிபதி எங்களிடம் ஒப்படைக்கலாம். நாங்கள் அவனை ஒரு வீட்டில் வைத்து, சோறு போட்டு, தச்சோ தையலோ கற்றுக்கொடுப்போம். நடத்தை நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எழுதினால், தாய் தகப்பனிடம் அனுப்பச் சொல்லி நீதிபதி உத்தரவு போடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் நம்பித்தான் சேர்ந்தேன்.

நான் காரைக்காலில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். பிரெஞ்சு எழுதுவேன், தமிழ் எழுதுவேன், சந்தையில் ஏமாறாத அளவுக்கு, அந்த ஊர்க்காரர்களான அன்னாமியர் மொழி பேசுவேன். கணவர் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். சைகோனுக்கு வந்த நான்காம் வருடம் காய்ச்சலில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பினால் எனக்காக மைத்துனர் வீட்டுச் சமையலறை காத்துக்கொண்டிருந்தது. அதனால் திரும்பவில்லை.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தலைவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு டாக்டர், காது மந்தம். எல்லாத் தீர்மானத்துக்கும் தலையாட்டுவார், சில சமயம் தீர்மானத்தை வாசிப்பதற்கு முன்பே. துணைத்தலைவர் புதுச்சேரி வக்கீல். கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்த தன் அலுவலகத்தின் பின்னறையை எங்களுக்கு வாடகையில்லாமல் விட்டிருந்தார், அதைக் கூட்டத்துக்குக் கூட்டம் நினைவூட்டவும் செய்வார். பொருளாளர் ஒரு செட்டியார் கடையின் ஏஜண்டு. இவர்களைத் தவிர மதாம்களின் குழு ஒன்று இருந்தது. அதிகாரிகளின் மனைவிமார் ஏழெட்டுப் பேர் வருடத்துக்கு ஒருமுறை நடனம் வைத்து, பரிசுச் சீட்டுக் குலுக்கிப் பணம் சேர்ப்பார்கள். இத்தனை பேருக்கும் அது கௌரவ வேலை. சம்பளம் வாங்கியது இரண்டே பேர். ஒன்று, செயலாளர் என்ற பெயரில் நான். மற்றவர் பையன்களின் வீட்டைப் பார்த்துக்கொண்ட காவலர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற காரைக்கால்காரர். அந்த வீடு டான் சோன் நாட் போகும் சாலையில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது.

பணம் மூன்று வாய்க்கால்களில் வந்தது. சர்க்கார் ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் கொடுத்தது. மதாம்களின் குலுக்கல் பணம் எங்கள் இருவர் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடும். மூன்றாவது செட்டியார்கள். இதில் ஒரு கோணல் இருந்தது. ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பிய நாளோடு அவன் தலைக்கு வரும் சர்க்கார் பணம் நின்றுவிடும். பையன்களை வெளியே அனுப்பத்தான் சங்கம், அனுப்ப அனுப்பச் சங்கத்துக்கு நட்டம். இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். தலைவர் தலையாட்டினார்.

செட்டியார்களைப் பற்றிச் சைகோன் பத்திரிகைகள் எழுதியதை இங்கே திருப்பி எழுத வேண்டாம். வட்டிக்குக் கொடுப்பவனை எந்த ஊர் வாழ்த்தியிருக்கிறது? நல்ல பேர் வாங்கத்தான் ஏஜண்டு சங்கத்தில் சேர்ந்தார் என்று வக்கீல் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒல்லியான மனிதர், எப்போதும் ஒரு சிரிப்பு. சின்னப் பையன்கள் பசியோடு இருப்பதை அவரால் நிஜமாகவே தாங்க முடியாது.

அவரைப் பார்க்க நான் கிட்டங்கிக்குப் போவேன். கிட்டங்கி ஒரு நீளமான கூடம். சுவரோரமாக வரிசையாகக் கடைகள், ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாழ்ந்த மேசை, ஒரு இரும்புப் பெட்டி, ஒரு ஏஜண்டு. மனைவிமார் எல்லாம் ஊரில் இருந்ததால் பெண்வாடையே இல்லாத இடம். நான் போனால் கூடம் முழுக்கப் பேச்சு நின்றுவிடும். எனக்கென்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசற்படியை ஒட்டிப் போடுவார்கள், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

"கோயில்ல எப்படி, அப்படித்தான் இதுவும் மதாம்" என்றார் ஏஜண்டு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில். என்னை மதாம் என்று கூப்பிடுவது அவருக்கு ஒரு கேலி. "ஆளுக்கு ஒரு நாள். மாசத்துல முப்பது நாளையும் முப்பது கடைக்கு எழுதிருவோம். அவுகவுக நாளுக்கு அவுகவுக கட்டளை. யாரும் தட்ட மாட்டாக."

"பணமாக் குடுத்தா நாங்களே பாத்து செலவு பண்ணிக்குவோமே ஐயா" என்றேன்.

"பணமாக் கேட்டா யோசிப்பாக. சோறுன்னாத் தருவாக."

அவர் சொன்னபடிதான் நடந்தது. ஒரே வாரத்தில் முப்பது நாளும் நிரம்பிவிட்டன. கோயில் பழக்கம் தெரிந்தவர்களுக்குக் கட்டளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், எனக்கு அவர்தான் சொன்னார். ஒரு நாள் பூசை ஒரு குடும்பத்துக்கு உரியது என்றால் அது அவர்களுக்கே உரியது. அந்தப் பணத்தை வேறு நாளுக்கு எடுக்கக் கூடாது, வேறு காரியத்துக்கும் எடுக்கக் கூடாது. எழுதிய அளவு குறையக் கூடாது. குறைந்தால் கட்டளை தடைப்பட்டது என்று பொருள், அது அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. எங்கள் கட்டளையில் பன்னிரண்டு இலை என்று எழுதினார்கள். எழுதிய அன்று வீட்டில் பன்னிரண்டு பையன்கள் இருந்தார்கள், வேறு காரணம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் எழுதியிருந்தால் ஒன்பது என்று எழுதியிருப்பார்கள்.

இப்படியாகப் பையன்களின் வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லாமல் போனது, ஆனால் கொசுவலை கிடையாது. கூரை ஒழுகியது. தையல் இயந்திரம் இரண்டில் ஒன்றுக்கு ஊசி இல்லை. பகல் பதினொரு மணிக்குக் கிட்டங்கிச் சமையல்காரர் தூக்குகளோடு குதிரை வண்டியில் வந்து இறங்குவார். அன்னாமியப் பையன்களுக்குப் பெருங்காய வாசனை அறவே ஆகாது. இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, சமையல்காரர் திரும்பும் நேரம் பார்த்து, மடியில் ஒளித்து வைத்திருந்த குப்பியிலிருந்து நூக் மாம் என்ற மீன் சாற்றைச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். காவலருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சைவச் சோற்றில் மீன் வாடை அடிப்பதைச் சமையல்காரர் கண்டுபிடிக்காமல் இருந்திருப்பாரா? அவரும் பேசாமல்தான் இருந்தார்.

பையன்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். சில நாள் பதினான்கு பேர், அதில் தொல்லையில்லை, இரண்டு பேருக்குக் காவலர் வீட்டுச் சோறு. சில நாள் பத்துப் பேர். அப்போது நான் கன்னியர் மடத்து அநாதை இல்லத்துக்குப் போய் இரண்டு பையன்களை இரவல் வாங்கி வந்து இலையில் உட்கார வைப்பேன். பாவம் என்று நினைக்கவில்லை. அவர்களுக்கும் ஒரு வேளைச் சோறு. ஏஜண்டு ஒருநாள் தற்செயலாக வந்தவர், அவர்களின் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டார்.

"சபைப் பிள்ளைகளை நம்ம இலையில உக்கார வச்சிட்டீகளாக்கும்" என்று சிரித்தார். கோபிக்கவில்லை. "எனக்குத் தெரியாது, நான் பாக்கலை. ஆனா எங்க முதலாளி வாரப்ப இது ஆகாது மதாம். சங்கத்துப் புத்தகத்துல பேர் இருக்கிற பயலுகதான் இருக்கணும்."

அவருடைய முதலாளி செட்டிநாட்டில் இருந்தார். வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் ரப்பர் விலையும் நெல் விலையும் விழுந்த வருடங்களில் செட்டியார்களிடம் கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். கடைகளுக்கு நிலம் மிஞ்சியது, காசு மிஞ்சவில்லை. ஒவ்வொரு கடையாகக் கட்டளையிலிருந்து நழுவியது. தட்ட மாட்டார்கள் என்று ஏஜண்டு சொன்னது சரிதான், அவர்கள் தட்டவில்லை, ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்கள். ஒரு இலை குறைந்ததாகக் காதில் விழுந்தால் போதும், 'தடைப்பட்டுப் போச்சு, இனி வேண்டாம்' என்று நின்றுவிடுவார்கள். முப்பது நாள் பதினொரு நாளாயிற்று. மதாம்களின் நடனமும் அந்த வருடம் நடக்கவில்லை. எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

அந்த நேரத்தில்தான் முதலாளி கடையை நேரில் பார்க்கக் கப்பலேறி வந்தார். ஏஜண்டு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை முதலாளியோட அப்பச்சி திதி. அன்னைக்குக் கட்டளை எங்க கடையுது. நேர்ல வந்து பாக்குறேன்னு சொல்லிருக்காக. பாத்துட்டு மனசுக்குப் பிடிச்சா, பென்-தான் சந்தைக்குப் பின்னால ஒரு வீடு இருக்குல்ல, அந்த வாடகையைச் சங்கத்துக்கு நிரந்தரமா எழுதிருவாக. பன்னிரண்டு இலை. உங்க புத்தகத்துப் பயலுக. இருக்காகல்ல?"

"சரியாப் பன்னிரண்டு பேர் இருக்காங்க ஐயா" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பதினான்கு வயது. அம்மா அன்னாமியப் பெண், பென்-தான் சந்தையில் வெற்றிலை பாக்கு விற்பவள். அப்பா அதே சந்தையில் தரைவாடகை வசூலித்த தமிழர், கப்பலேறிப் போனவர் போனவர்தான். பையனுக்குத் தமிழில் ஏறக்குறைய இருபது வார்த்தை தெரியும், பாதி வசவு. ஒரு சைக்கிளைத் திருடி, ஓட்டத் தெரியாமல், எதிரே வந்த போலீஸ்காரர் மீதே மோதிப் பிடிபட்டவன். இந்தக் கதையை அவனே சொல்லிச் சிரிப்பான். எங்களிடம் பத்து மாதமாக இருந்தான். சட்டைக்குக் காஜா எடுப்பதில் அவன் கை சுத்தம். அம்மா வாரம் தவறாமல் என் அலுவலகத்துக்கு வந்து, கதவுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றுகொண்டு, "எப்போது?" என்று கேட்பாள். நான் நடத்தை அறிக்கை எழுதி அனுப்பினேன். நன்றாகவே எழுதினேன். திங்கட்கிழமை உத்தரவு வந்துவிடும் என்று கோர்ட்டில் சொன்னார்கள், அவளிடம் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை பையனைப் பார்க்கப் போனபோது அவனிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை பிற்பகல் கோர்ட் சேவகர் உத்தரவைக் கொண்டுவந்தார். என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். நான் படித்தேன். பையனை உடனே தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. அவன் போனால் பதினொரு பேர்.

நான்கு நாள்தானே என்று நினைத்தேன். பத்து மாதம் இருந்தவனுக்கு நான்கு நாள் ஒரு பெரிய விஷயமா என்றும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை பாயசம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் அம்மாவோடு போகட்டும். அந்த வாடகை வந்தால் கூரை, கொசுவலை, என் சம்பளம், இனி வரும் பையன்கள். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உத்தரவு வந்ததே ஏஜண்டுக்குத் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். பூசாரி நான்தான். காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்தாள். கையில் புதுக் கால்சட்டை, அவனுக்கு வாங்கியது. இடுப்பு அளவு சரியாக இருக்குமா என்று என்னிடமே பிடித்துக் காட்டினாள்.

"வந்துவிட்டதா?" என்றாள்.

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வா."

"ஏன் வெள்ளிக்கிழமை?"

"கோர்ட் காரியம் அப்படித்தான்" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஏழைகளிடம் கோர்ட் என்று சொல்லிவிட்டால் மேலே கேள்வி வராது.

அவள் அங்கிருந்து நேரே பையன்களின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அது பார்க்கும் நாள் இல்லை, ஆனாலும் காவலர் இரக்கப்பட்டு வேலி வழியாகப் பேச விட்டிருக்கிறார். உத்தரவு வரவில்லை என்று பையனிடம் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை மத்தியானம் கிணற்றடியில் குளிக்கும்போது வேலியைத் தாண்டிப் போய்விட்டான். யாராவது ஓடிப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவள் நான். காவலர் பட்டாளத்துக்காரர், சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் சந்தையில் அவனைப் பிடித்தார்கள். அம்மாவின் கடைப் பலகைக்கு அடியில், வெற்றிலைக் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஓடிப்போன பையன் அதோடு சங்கத்தின் பொறுப்பில் இல்லை. பெரிய சிறைக்குப் போவான், அங்கிருந்து ரப்பர் காட்டோரத்தில் இருக்கும் சீர்திருத்தப் பண்ணைக்கு, இருபத்தொரு வயது வரை. அந்தப் பண்ணையிலிருந்து வந்த பையன்கள் இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். பையன்கள் அங்கே போகாமல் இருக்கத்தான் சங்கமே ஏற்பட்டது.

காவலர் வந்து என்னிடம் இதைச் சொன்னபோது காலை எட்டு மணி இருக்கும். இழுப்பறையில் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். பின்தெருவில் இருந்து முன்தெருவுக்கு நடக்கும் தூரம். 'இவன் திங்கட்கிழமையே விடுதலை ஆனவன், விடுதலையானவன் எப்படித் தப்பியோட முடியும்? தவறு என்னுடையது' என்று சொல்லியிருந்தால் நீதிபதி திட்டியிருப்பார், என் வேலை போயிருக்கும், பத்திரிகையில் வந்திருக்கும், முதலாளி அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். பையன் வீட்டுக்குப் போயிருப்பான். இவ்வளவும் எனக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்தது. பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. அழுகை வரும் என்று நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் எடுத்தது.

எழுந்து கன்னியர் மடத்துக்குப் போனேன். ஒரு பையன் வேண்டும், நீலச் சட்டை இல்லாமல், நாளை மத்தியானத்துக்கு என்றேன். என்ன விசேஷம் என்று மடத்துத் தலைவியான தாயார் கேட்டார். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றேன். ஏதோ ஒரு செட்டியாரின் அப்பாவுக்குத் திதி என்றால் அனுப்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாமிசம் ஆகாதே, சமையலில் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் சம்மதித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பொய்யைத் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம் என்பது மடத்துப் படியில் இறங்கும்போது தோன்றியது. தோன்றியதே தவிர, நெஞ்சில் எங்கேயும் இடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மிகவும் சாதுவான மனிதர். பன்னிரண்டு இலை போட்டோம். பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, பாயசம். முதலாளி தன் கையாலேயே முதல் கரண்டி சோற்றைப் போட்டார். ஒவ்வொரு பையனிடமும் குனிந்து பெயர் கேட்டார், ஏஜண்டு மொழிபெயர்த்தார். பன்னிரண்டாவது இலையில் இருந்தவன், நான் சொல்லிக்கொடுத்தபடி ஓடிப்போனவனின் பெயரைப் பிசகாமல் சொன்னான். ஏஜண்டு என்னைப் பார்த்தார். அதே பெயரை முதலாளிக்குத் திருப்பிச் சொன்னார். முதலாளிக்குக் கண் கலங்கியிருந்தது. "அப்பச்சிக்கு வயிறு நெறஞ்சிருக்கும்" என்றார். அவர் மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

சனிக்கிழமை நீதிபதியின் உத்தரவைத் திருப்பி அனுப்பினேன். பையன் தப்பியோடியதால் நிறைவேற்ற இயலவில்லை என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்த வாரம், சந்தை வீட்டின் வாடகையைச் சங்கத்துக்கு எழுதிய பத்திரம் கையெழுத்தாயிற்று. முதலாளி பெரிய மனது பண்ணி, சோற்றுக்கு மட்டும் என்று எழுதாமல், பிள்ளைகளின் எந்தத் தேவைக்கும் என்று எழுதச் சொன்னார். கூரை மாற்றினோம். கொசுவலை வாங்கினோம். பாக்கிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டேன்.

அவள் மறுபடி வந்தாள். திட்ட வரவில்லை, உதவி கேட்டு வந்தாள். நீதிபதிக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும், எழுத உங்களை விட்டால் யார் என்றாள். எழுதினேன். உத்தரவு தாமதமாகிவிட்டதால் பையன் பொறுமை இழந்துவிட்டான், தாய்க்கு ஒரே பிள்ளை, கருணை காட்ட வேண்டும் என்று என்னால் முடிந்த நல்ல பிரெஞ்சில் எழுதினேன். யாரால் தாமதமானது என்று எழுதவில்லை. அவள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். போகும்போது ஒரு கட்டு வெற்றிலையை மேசை மேல் வைத்தாள். எனக்கு வெற்றிலை போடுகிற வழக்கம் இல்லை. வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அந்த மாதம் முழுவதிலும் எனக்கு ஏதாவது உறைத்தது என்றால் அந்த ஒரு நிமிடம்தான்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, அவள் பெயருக்கு, சங்கத்தின் விலாசத்தில். அவள் எதிரே நின்றுகொண்டிருக்கும்போது உறையைப் பிரித்தேன். முழுத்தாள். உத்தரவு திங்கட்கிழமையே சங்கத்தின் செயலாளரிடம் சேர்ந்திருக்கிறது, அவர் கையெழுத்திட்டிருக்கிறார். செவ்வாயும் புதனும் பையன் ஏன் அங்கே வைக்கப்பட்டிருந்தான் என்பதைச் செயலாளரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் தப்பியோடியது தப்பியோடியதுதான், பண்ணைக்கு அனுப்பிய உத்தரவை மாற்ற முடியாது. அவ்வளவையும் மனதுக்குள் படித்தேன்.

"முடியாதாம்" என்றேன்.

"இத்தனை எழுத்தும் அதற்குத்தானா?"

"கோர்ட் காகிதம் அப்படித்தான்."

அவள் கையை நீட்டினாள். அது அவளுக்கு வந்த கடிதம். தபாலாபீஸ் வாசலில் நாலு காசுக்குப் பிரெஞ்சு வாசித்துச் சொல்ல வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கோப்பில் வைக்க வேண்டும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். கொடுத்துவிட்டேன். மனம் திருந்திக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். நீட்டிய கையில் வைத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வழக்கமான நாளில் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கடிதத்தை மேசை மேல் வைத்தாள்.

"திங்கட்கிழமையே வந்ததா?"

"வந்தது."

"ஏன்?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒரு பணக்காரர் சாப்பாடு போட வந்தார், பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டியிருந்தது, உன் மகனைச் சேர்த்தால்தான் பன்னிரண்டு என்று அவள் மொழியில் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவள் கத்துவாள், மேசையில் இருப்பதையெல்லாம் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகக்கூட இருந்தேன்.

"அவன் இடத்தில் யார் உட்கார்ந்தது?" என்றாள்.

"மடத்துப் பையன் ஒருவன். தாய் தகப்பன் இல்லாதவன்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். பாயசம் இரண்டாம் தரம் கேட்டான்."

"கொடுத்தீர்களா?"

"கொடுத்தோம்."

"சரி" என்றாள். பண்ணைக்குப் போக எங்கே வண்டி ஏற வேண்டும் என்று கேட்டாள், சொன்னேன். கடிதத்தை எடுக்காமல் போய்விட்டாள். நான் அதில் அன்றைய தேதி முத்திரையைக் குத்தி, அவன் கோப்பில் வைத்தேன்.